மூன்று தந்திகளின் பூர்வீகம்

வட அமெரிக்காவின் கிழக்கே நீண்டு கிடக்கும் அப்பலாச்சியன் மலைத்தொடரில், குறிப்பாகக் கென்டக்கி, வர்ஜீனியா, வட கரோலைனா மாநிலங்களின் மலைக்குடியிருப்புகளில், டல்சிமர் என்றொரு நரம்பிசைக் கருவி வழங்கி வருகிறது. மடியில் கிடத்தி வாசிப்பது. பழைய முறையில் அதற்கு மூன்றே தந்திகள். முதல் தந்தியின் மேல் சிறு குச்சியொன்றை நகர்த்திப் பண்ணை எழுப்புவர். வாத்து அல்லது வான்கோழி இறகால் மீட்டுவர். மற்ற இரு தந்திகளும் ஓயாமல் சுருதி கூட்டி நிற்கும். நாகசுரத்தோடு ஒத்து ஊதக் கேட்டவர்களுக்கு இவ்வமைப்பு புதிதன்று. பன்னிரு சுரத்தானங்களுக்கும் மெட்டுகள் இல்லை. ஏழிசைக்குரியவை மட்டுமே உண்டு.

பெயர் என்னவோ விவிலிய மணம் வீசுவது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், நெபுகத்னேசரின் பொற்சிலை முன் முழங்கிய கருவிகளுள் ஒன்றாக (தானியேல் 3) இச்சொல் இடம்பெறுகிறது. ஆனால் அது மூலத்திலுள்ள வேறொரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் இட்ட பெயர். ஐரோப்பாவிலோ அப்பெயர் சிறு கோல்களால் தட்டி இசைக்கும் மற்றொரு கருவியைக் குறிக்கும்.

1916 முதல் 1918 வரை இம்மலைகளில் பாடல் திரட்டிய ஆங்கிலேயர் செசில் ஷார்ப், பழைய இங்கிலாந்தே இங்கு உயிரோடிருப்பதாகக் கருதினார். அவரது உழைப்பு அரியது. எனினும் ஆங்கில வேரையே தேடியவருக்கு, அதே மலைகளில் வாழ்ந்த கறுப்பின மக்களின் பாடல்கள் பொருட்டாகத் தோன்றவில்லை. தூய ஆங்கில மரபு என்னும் அக்கனவு டல்சிமரின் மீதும் படிந்தது.

அறிஞர் பலர் இன்று கூறும் வரலாறு வேறு. ஜெர்மானிய இசையறிஞர் மைக்கேல் பிரெட்டோரியஸ் 1619இல் வெளியிட்ட நூலில் ஷைட்ஹோல்ட் என்னும் ஏழையர் கருவியொன்றை விவரிக்கிறார். விறகுக்கட்டை போன்ற நீண்ட பெட்டி அது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் அதனை உடன் கொணர்ந்தனர். அவர்களோடு அது வர்ஜீனியப் பள்ளத்தாக்குகள் வழியே தெற்கே இறங்கிற்று. அங்கே ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து வழிவந்த அண்டை வீட்டார் அதை வாங்கித் தம் பாடல்களுக்கேற்ப உடலமைப்பை மாற்றிக்கொண்டனர். கென்டக்கியின் நாட் கவுன்டியில் ஜேம்ஸ் எட்வர்ட் தாமஸ் என்பவர் 1871 முதல் இடை சிறுத்த வடிவில் ஏறத்தாழ 1,500 கருவிகள் செய்து, வண்டியில் ஏற்றி ஊர் ஊராக விற்றாராம்.

ஆலயத்தில் இதற்கு இடமில்லை. அப்பகுதியின் பழைய ரெகுலர் பாப்டிஸ்ட் சபையார் எந்தக் கருவியையும் வழிபாட்டில் ஏற்பதில்லை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வெறுங்குரலில் நீட்டிப் பாடுவர். ஆர்மோனியம் பழுதானால் பாடகர் குழுவே வாயடைத்துப்போகும் நம் பங்குகளை எண்ணிக்கொண்டேன்! ஆகவே டல்சிமர் வீட்டுக் கணப்பருகிலேயே வாழ்ந்தது.

அத்தகைய வீடொன்றில், வைப்பர் என்னும் சிற்றூரில், 1922இல் பதினான்காம் பிள்ளையாகப் பிறந்தவர் ஜீன் ரிச்சி. தந்தையின் டல்சிமரைத் தொடக்கூடாதென்பது வீட்டுச் சட்டம். சிறுமி ஒளித்துவைத்து மீட்டிப் பழகினார். பின்னர் நியூயார்க் சென்று, குடியேறிய ஏழையரின் குழந்தைகளுக்குத் தம் மலைப்பாடல்களைக் கற்பித்தார். 1952இல் கல்வி உதவித்தொகை பெற்று, குடும்பப் பாடல்களின் வேர் தேடி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளில் பயணம் செய்தார். பாடல்களின் வேர்கள் அங்கிருந்தன. மடியிலிருந்த கருவியின் வேரோ ரைன் நதிப்பக்கம் இருந்தது. 2015இல் அவர் மறைந்தபோது, அவரைக் கேட்டு டல்சிமர் பழகியோர் மலைகளுக்கு வெளியே எத்தனையோ நாடுகளில் இருந்தனர்.