வேகாத மொச்சையின் வரலாறு

பஞ்சங்களின் வரலாற்றை நாம் அரசு ஆவணங்களில்தான் தேடுகிறோம். அதன் ஒரு பகுதி நம் சமையற்கட்டிலும் தங்கியிருக்கிறது. நாட்பட்ட மொச்சையையும் காராமணியையும் வேகவைக்க நம் வீடுகள் கைக்கொண்ட முறைகளை அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

1876-78 பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் (சுமார் 450 கிராம்) சிறிது காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக மறுத்தார். அளவு குறைவு என்பதோடு, உழைக்கும் உடலுக்கு வெறுந்தானியம் போதாது, பருப்பும் வேண்டும் என்பதும் அவர் வாதம். அவ்வாண்டிலேயே கூலி உயர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டக் கரையோரம் எண்ணூர், பழவேற்காடு வழியே வடக்கே செல்லும் பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகர்ப் பகுதி அக்காலப் பஞ்ச நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது.

அரசு அளந்து கொடுக்கத் தயங்கிய பருப்பைக் குடிகள் தாமே சேமித்து வந்தனர். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தனர். பயற்றோடு வேப்பிலை இட்டுப் பானைகளில் மூடினர். இவை வண்டைத் தடுத்தன, முதுமையைத் தடுக்கவில்லை. வெப்பமும் ஈரமும் சேரும்போது பயற்றிலுள்ள பைட்டேட் சிதைகிறது. அதிலிருந்து விடுபடும் கால்சியமும் மக்னீசியமும் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. அப்பயறு எவ்வளவு கொதித்தாலும் குழைவதில்லை.

இரவு முழுதும் ஊறவைத்தல், மலர வெந்த பிறகே புளி கரைத்து ஊற்றுதல், சிட்டிகை ஆப்பசோடா சேர்த்தல் ஆகியவை இதற்கு வீடுகள் கண்ட விடைகள். புளிப்பு பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்தும். சோடா விரைவுபடுத்தும், மிகுந்தால் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும். அதற்கும் மசியாததை வறுத்துத் திரிகையில் உடைத்தனர், அல்லது பொடித்தனர்.

இம்மாவட்டத்தில் தண்ணீரும் இக்கதைக்குள் வருகிறது. சென்னை நகருக்கும் ஆலைகளுக்குமாக நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்தது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்டது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது ஊரறிந்த செய்தி. நீரிலுள்ள அதே கால்சியமும் மக்னீசியமும்தான் காரணம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிய வாடகை அறையில் ராஜ்மா வேகவைக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் இதே விதிதான்.

புளியைக் கடைசியில் ஊற்றுவது வெறும் பழக்கமன்று. பழையதை வீணாக்க இயலாதவர்கள் பட்டறிந்து கண்ட முறை. கார்னிஷின் வாதம் அச்சேறியதால் நமக்குக் கிடைத்தது. இவர்களுடையது பெரும்பாலும் எழுதப்படவில்லை. கடைசிப்பிடிப் பயற்றைத் தம் வீட்டு முதியோர் என்ன செய்தனர் என்பதை நண்பர்கள் கேட்டு எழுதிவைத்தால், பஞ்சகால வரலாற்றில் விடுபட்ட ஒரு பக்கம் கிடைக்கும்.