மத்திய கொழும்பின் மூன்று வாக்குகள்

வாழைத்தோட்டம், மருதானை, புறக்கோட்டை முதலிய சனநெருக்கமான பகுதிகளைக் கொண்ட மத்திய கொழும்பில், சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் மலாயரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். அங்கே ஒருவரை மட்டும் தெரிவு செய்தால் சிறுபான்மையோர் குரலற்றுப் போவர் என்பது கருதி, சோல்பரி அரசியலமைப்பின் கீழ் அத்தொகுதிக்கு மூன்று அங்கத்தவர் அளிக்கப்பட்டனர்.

வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள். அவற்றை மூவருக்குப் பகிரலாம்; ஒருவருக்கே குவித்தும் இடலாம். இக்குவிப்பு உரிமையிலேதான் தொகுதியின் சூட்சுமம் இருந்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தெரிவானோர் தொழிற் கட்சித் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, ஐக்கிய தேசியக் கட்சியின் ரி. பி. ஜாயா, கம்யூனிஸ்டுக் கட்சியின் பீற்றர் கெனமன் ஆகியோர். முறையே சிங்களவர், மலாயர், பறங்கியர். முதலிருவருக்கும் தத்தம் சமூகத்தார் துணைநின்றனர் என்று கொண்டாலும், கெனமனுடைய வெற்றிக்கு அவ்விளக்கம் பொருந்தாது. பறங்கியர் வாக்கு அங்கே சொற்பம். 1923ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திலே குணசிங்க திரட்டிய தொழிலாளர் கூட்டத்தின் ஒரு பகுதி இப்போது இடதுசாரிகளின் பக்கம் சாய்ந்திருந்தது. சமூகங்களைக் காக்க வகுத்த விதி, வர்க்கக் கட்சியொன்றுக்குக் கைகொடுத்தது! கெனமன் முப்பது ஆண்டுகள் அங்கிருந்தே பாராளுமன்றம் சென்றார்.

வாழைத்தோட்டத்தவரான றணசிங்க பிரேமதாச, குணசிங்கவின் கட்சியிலே அரசியல் பயின்றவர். பின்னர் ஐக்கிய தேசியக் கட்சி சார்பில் 1960 மார்ச்சில் வென்று, யூலையில் தோற்று, 1965இல் மீண்டார். 1977இல் அவரும் ஜாபிர் ஏ. காதரும் ஹலீம் இஷாக்கும் தெரிவாயினர். 1970 முதல் வீடமைப்பு அமைச்சராயிருந்த கெனமன் தோற்றார். அவ்வமைச்சுப் பொறுப்பும் பிரேமதாசவிடமே சென்றது.