சவர்க்காரத்துக்கும் தடை, சொந்த ஊருக்கும் தடை

நாஜி ஜேர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், 1942 மே மாதம் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணியப் பணிக்கப்பட்டனர். ஜூன் இறுதியில் வெளியான கட்டளை அவர்களது துவிச்சக்கர வண்டிகளைப் பறித்தது. டிராம் வண்டிகளில் ஏறத் தடை விதித்தது. இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை அவர்களை வீட்டுக்குள் முடக்கியது. கடைக்குச் செல்லப் பிற்பகலில் இரண்டு மணி நேரத்தை மட்டுமே விட்டுவைத்தது. ஜூலை நடுப்பகுதியில் மரண முகாம்களுக்கான புகையிரதங்கள் புறப்பட்டன. அந்நாட்டின் சுமார் 140,000 யூதர்களில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர்.

அப்பேரழிவுக்கு வேறெதனையும் நிகராக வைப்பது எமது நோக்கமன்று. ஆயினும், செய்த செயலுக்காக அல்லாது பிறந்த சமூகத்துக்காக ஒருவரது அன்றாட வாழ்வைக் கட்டளைகளால் சுருக்கும் முறையை வன்னி மண்ணும் நன்கறியும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதையடுத்து, வடக்கின் மீது அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடை 2002 ஜனவரி வரை வன்னியில் நீடித்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், சீமெந்து, உரம், பற்றரி, சவர்க்காரம் முதலியன தடைக்கோ கடும் கட்டுப்பாட்டுக்கோ உட்பட்டன. மருந்துகளும் தப்பவில்லை. ஜாம் போத்தல் விளக்கொளியில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். வவுனியாவில் தங்குவதற்கு இராணுவத்தின் ‘பாஸ்’ தேவைப்பட்டது. வன்னியை விட்டு வெளியேறுவதற்கோ புலிகளின் ‘பாஸ்’ தேவைப்பட்டது. போர் முடிந்த 2009இலும், மெனிக் பாமின் முட்கம்பி வேலிக்குள் இலட்சக்கணக்கானோர் மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டனர்.

இவை தமிழர் மறவாத நினைவுகள். ஆனால் வன்னியின் கதை இவ்வளவுடன் முடிவதில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தின் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம்களும் தமிழருடன் சேர்ந்தே அத்தடையை அனுபவித்தனர். 1990 ஒக்டோபரில் புலிகள் அவர்களை வெளியேறுமாறு கட்டளையிட்டனர். அம்மாதம் வடக்கு முழுவதிலும் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீடு, காணி, கடை, நகை அனைத்தும் பறிபோயின. பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். பள்ளிவாசல்கள் தொழுவோரின்றிப் பாழடைந்தன.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் தலைமை இதற்கு வருத்தம் தெரிவித்தது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமுடன் உடன்பாடொன்றும் ஒப்பமிடப்பட்டது. எனினும் மூன்று தசாப்தங்கள் கடந்தும் மீள்குடியேற்றம் முழுமை பெறவில்லை. இரண்டு மணி நேரத்தில் பறிக்கப்பட்ட காணிக்கு, திரும்பி வந்தவர்களிடம் ஆண்டுக்கணக்கில் ஆவணம் கோரப்படுகிறது.

சவர்க்காரக் கட்டிக்கு ஏங்கிய காலத்தை நினைவுகூரும் தமிழ்ச் சமூகம், அயல்வீடு வெறுமையான அந்த ஒக்டோபரையும் தன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். திரும்பி வருபவர்கள் விருந்தினரல்லர், ஊரவர். அவர்களது காணிப் பிணக்குகளைத் தீர்ப்பதில் அரசும், வடக்கின் தமிழ்ப் பிரதிநிதிகளும் முன்னிற்பதே இவ்விரு துயரங்களுக்கும் செய்யும் நீதியாகும்.