கண் கேட்டவருக்குக் கோல்

வேண்டுதல் பலித்த கதைகளைத் தலபுராணங்கள் விரும்பிச் சேர்த்துவைக்கும். பலிக்காதவை பெரும்பாலும் ஏடேறுவதில்லை. இதற்கு மாறாக, ஒரு வேண்டுதல் மறுக்கப்பட்டதையே பாடுபொருளாகக் கொண்ட பதிகம் ஒன்று ஏழாம் திருமுறையில் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் திருவெண்பாக்கத்தில் பாடியது அது.

கதை பலரும் அறிந்ததுதான். திருவாரூரில் பரவையை மணந்த சுந்தரர், பின்னர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்தார். ஆரூரின் வசந்த விழா நினைவுக்கு வரவே சூளை மீறிப் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளி இழந்தன. இவ்வாறு கோவையாகச் சொல்பவர் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 12-ஆம் நூற்றாண்டில், பெரியபுராணம் செய்த சேக்கிழார். சுந்தரர் அவருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவர். அவர் காலத்தை 7-ஆம் நூற்றாண்டின் இறுதி என்பாரும் உண்டு, 9-ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. எனவே கண்ணிழந்த செய்தி பிற்காலப் புராணப் புனைவாக இருக்கலாமே என்ற ஐயம் எவருக்கும் எழக்கூடும்.

அந்த ஐயத்துக்குப் பதிகங்களே விடை சொல்கின்றன. திருமுல்லைவாயிலில், சங்கிலிக்காக என் கண்ணைக் கொண்டாயே என்று பெயர் சுட்டியே முறையிடுகிறார். வெண்பாக்கத்தில், பிழை செய்தாலும் பொறுப்பாய் என்று நம்பிப் பிழைத்துவிட்டேன், நீயோ உனக்கு வரும் பழியையும் பாராமல் என் கண்ணைப் படலத்தால் மறைத்தாய் என்கிறார். படலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்நோயைக் குறிக்கும் கண்கூடான சொல் அது. உவமைக்காகச் சொன்ன இருட்டாக இதை என்னால் படிக்க முடியவில்லை.

வெண்பாக்கத்தில் நிகழ்ந்தது என்ன? கோயில் வாயிலில் நின்று, உள்ளே இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீர் போகலாம் என்று உள்ளிருந்து விடை வருகிறது. இந்த உரையாடலே பாட்டுக்குப் பாட்டு திரும்ப வருகிறது. தம்பிரான் தோழர் என்று பேர் பெற்றவர் ஒருமையில் உரிமையோடு கேட்கிறார்; மறுமொழியோ அயலாரிடம் பேசும் மரியாதைப் பன்மையில் வருகிறது. நெடுநாள் நண்பன் திடீரென்று 'வாங்க, போங்க' என்று பேசத் தொடங்கினால் என்ன பொருள் என்பது நமக்குத் தெரியாததா? கண் வரவில்லை. ஊன்றிக்கொள்ள ஒரு கோல் கிடைத்தது. இதுவும் சேக்கிழார் சேர்த்ததன்று. பதிகத்திலேயே இருக்கிறது.

இந்தக் கோல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒற்றியூர்ப் பதிகத்துக்குத் திரும்ப வேண்டும். கண் இழந்தவுடன் பாடியதாக மரபு வைக்கும் பதிகம் அது. மூன்று கண் உடையவனே, அடியவன் கண்ணைப் பறிப்பதுதான் உன் கணக்கு வழக்கு என்றால், ஊன்றுகோல் ஒன்றாவது கொடு என்று அதில் கேட்கிறார். கசப்பின் உச்சியில், குத்திக்காட்டவே சொன்ன சொல். அதைத்தான் இறைவன் ஒரு விண்ணப்பமாக ஏற்று எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருக்கிறான்! வெண்பாக்கத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட கேள்விக்கும், உள்ளே இருக்கிறாயா என்பதற்கும், இருக்கிறோம் என்ற பதில் வந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஏங்கியது மட்டும் கைக்கு வரவில்லை. மறுக்கப்பட்ட வேண்டுதல் என்று இதைச் சொல்வதா, வேறெங்கோ விடை கிடைத்துவிட்டது என்பதா? உரைகாரர்கள் இரண்டாவதன் பக்கம் சாய்வார்கள். எனக்கு அந்த அவசரம் உவப்பாக இல்லை. கோல் கண் ஆகாது என்பது சுந்தரருக்குத் தெரியும். ஆத்திரத்தில் அவர் அந்தக் கோலை வீசி எறிய, நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தலக்கதை சொல்கிறது. கதை கட்டியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது போலும்.

ஆயினும் மரபு இந்த நிகழ்ச்சியை மறைக்கவில்லை. அங்குள்ள இறைவனுக்கே ஊன்றீசர் என்று பெயரிட்டது. பழைய வெண்பாக்கம் இன்று கொசத்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காகக் கோயிலைப் பெயர்த்துப் பூண்டியில் மீண்டும் அமைத்தார்கள். (போகச் சொன்னவரும் போக நேர்ந்தது!)

சுந்தரர் நடந்தார். காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. ஏகம்பனைக் காண நான் கண் பெற்ற விதம் எப்படி என்று அந்தப் பதிகம் வியந்து வியந்து நிற்கிறது. மற்றொரு கண்ணுக்காக ஆரூர் வரை செல்ல வேண்டியிருந்தது.

ஆரூர்ப் பதிகத்தின் குரல் வேறு. வெண்பாக்கத்தில் பிழையை ஒப்புக்கொண்டவர் இங்கே, குற்றம் ஒன்றும் செய்யவில்லை, ஏன் என்னைக் குருடாக்கினீர் என்று வாதாடுகிறார். கன்று முட்டப் பசு சுரப்பதுபோல் விடாமல் பாடும் அடியார், கண் தெரியாமல் குன்றில் முட்டிக் குழியில் விழுந்தால், நீர் நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்கிறார். அடிமைப்பட்டவன் பேசும் பேச்சா இது? விரும்பி அடிமைப்பட்டவன் மட்டுமே பேசக்கூடிய பேச்சு என்று தோன்றுகிறது. அந்த உரிமையையும் அதே பதிகத்தில் அவரே சொல்லிக்கொள்கிறார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தேவாரப் பதிகங்களின் கடைசிப் பாட்டில், இதைப் பாடுவோர்க்கு இன்ன பலன் என்று சொல்வது பெருவழக்கு. கண் கிடைக்காத வெண்பாக்கத்துப் பதிகத்தில் அந்தப் பலன் இருக்கிறது. பாட வல்லாரை வினை அணுகாது என்கிறார். ஆரூர்ப் பதிகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஊரறிய என் கண்ணைக் கொண்டீர், பழி உமக்கே என்று கடைசிப் பாட்டும் குற்றச்சாட்டிலேயே நின்றுவிடுகிறது. வலக்கண் கிடைத்ததை நமக்குச் சொல்பவர் சேக்கிழார்.