கட்டங்கள் யாருடைய சொத்து?

நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கப் போனபோது கடைக்காரத் தம்பி ஒரு சேர்ட்டை விரித்துப் போட்டார். மணல் நிறத் துணியில் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கட்டங்கள். "சேர், இது பர்பெரி டிசைன். அப்படியே கொப்பி" என்றார் பெருமையாக. வீடு வந்த பிறகும் அந்தச் சொல் எம்மை விடவில்லை. நாலு நிற நூலைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் கட்டம் வரும். எமது வாப்பாமார் உடுத்த சாரனிலும் கட்டம்தான். அதை ஒரு கொம்பனி தன்னுடையது என்று எப்படிச் சொல்ல முடியும்? தேடி வாசித்தோம். கதை ஸ்கொட்லாந்துக்கு இழுத்துக்கொண்டு போனது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஸ்கொட்லாந்தின் கட்டத் துணிக்கு டார்ட்டன் என்று பெயர். அதன் இரகசியம் முழுவதும் நூல் எண்ணிக்கைதான். நீலம் இத்தனை நூல், பச்சை இத்தனை நூல் என்று ஒரு வரிசை. பாவிலும் ஊடையிலும் பெரும்பாலும் அதே வரிசை. மார்ட்டின் மார்ட்டின் என்பவர் 1703 இல் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதிய நூலில், அங்குள்ள பெண்கள் ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை நூல் என்பதை ஒரு மரத்துண்டில் குறித்து வைத்திருந்ததைச் சொல்கிறார். துணியைப் பார்த்து ஆள் எந்த ஊர் என்று ஊகிக்கலாம் என்றும் சொல்கிறார். கவனியுங்கள், எந்த ஊர் என்றுதான். எந்தக் குலம் என்றல்ல. அந்த மரத்துண்டை மறந்துவிடாதீர்கள், பிறகு ஒரு நீதிமன்றத்தில் வேறு உருவில் வரும்.

1746 ஏப்ரல் 16 இல் குலோடன் போரில் மலைநாட்டவரை நம்பி எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அதே வருடம் இலண்டன் பாராளுமன்றம் அவர்களுடைய உடுப்பின் மீதே சட்டம் போட்டது. ஆண்களும் ஆண் பிள்ளைகளும் மலைநாட்டு உடை உடுத்தக்கூடாது, டார்ட்டன் துணியில் மேற்கோட்டும் தைக்கக்கூடாது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை, இரண்டாம் முறை கடல் கடந்த குடியேற்றங்களுக்கு 7 வருட நாடுகடத்தல். ஒரு விதிவிலக்கு: மன்னரின் படையில் சேர்ந்தவன் உடுத்தலாம்! தன் பாட்டன் உடுத்ததை உடுத்துவதற்கு, பாட்டனைத் தோற்கடித்தவனின் படையில் சேர வேண்டும். சட்டம் நீக்கப்பட்டது 1782 இல்.

தடை நீங்கியபோது துணி ஆலைக்காரர் கையில் இருந்தது. பானொக்பேர்ன் என்ற ஊரில் வில்லியம் வில்சன் அன் சன்ஸ் என்ற நெசவுக் கொம்பனி படைகளுக்கு டார்ட்டன் நெய்து பெருத்திருந்தது. அவர்களிடம் பல கட்டங்களுக்கு வெறும் இலக்கம்தான் இருந்தது. 1822 இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட் வரவேற்பை ஒழுங்குசெய்து எல்லோரையும் டார்ட்டனில் வரச் சொன்னார். குலத் தலைவர்களுக்கு அவசரமாகக் "குல டார்ட்டன்" தேவைப்பட்டது. ஆலை இறாக்கையிலிருந்து எடுத்துப் பெயர் ஒட்டிக் கொடுத்தது.

இதில் எம்மை உலுக்கியது ஒரு சிறு செய்தி. வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் எழுதுகிறார்: மக்பர்சன் குலத்துக்குக் கொடுக்கப்பட்ட கட்டத்துக்கு அதற்கு முன் "கிட்" என்று பெயர். கிட் என்ற ஒருவர் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த தன் அடிமைகளுக்கு உடுத்த அந்தத் துணியை மொத்தமாக வாங்கியிருந்தார். அதற்கும் முன்னால் அது வெறும் இலக்கம். அடிமைகளின் மேல் கிடந்தபோது முதலாளியின் பெயர், பிரபுவின் மேல் ஏறியதும் குலத்தின் பெயர். அதை உடுத்து வெயிலில் வேலை செய்தவர்களின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

1842 இல் இரண்டு சகோதரர்கள், தாங்கள் பழைய ஸ்டுவர்ட் இளவரசரின் பேரன்கள் என்று சொல்லிக்கொண்டு, பழைய கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்ததாக ஒரு டார்ட்டன் நூல் வெளியிட்டார்கள். போலி என்று பின்னர் நிரூபணமானது. அதிலிருந்த கட்டங்கள் மட்டும் இன்றும் பல குலங்களின் "பரம்பரைச் சொத்தாக" இருக்கின்றன.

அரச குடும்பத்துக்கும் ஒன்று உண்டு. விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பர்ட் 1853 இல் வரைந்த பல்மோரல் டார்ட்டன். (எமது அக்கரப்பத்தனையிலும் ஒரு பல்மோரல் தோட்டம் இருக்கிறது, ஸ்கொட்லாந்துத் துரைமார் விட்டுப்போன பெயர்.) மன்னரின் அனுமதியின்றி அதை மற்றவர்கள் உடுத்துவதில்லை. ஆனால் அது மரியாதை, வழக்கம். குல டார்ட்டனும் அப்படித்தான், யார் உடுத்தாலும் பொலிஸ் வராது.

அப்படியானால் சட்டம் எங்கே நுழைகிறது? ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் 2008 இல் சட்டம் இயற்றி 2009 இல் டார்ட்டன் பதிவேட்டைத் திறந்தது. யாரும் புதிய கட்டம் பதியலாம். 2012 இல் ஓர் இஸ்லாமிய டார்ட்டன்கூட வந்தது: ஐந்து கடமைகளுக்கு ஐந்து வெள்ளைக் கோடுகள், ஈமானின் ஆறு அம்சங்களுக்கு ஆறு பொன்னிறக் கோடுகள். ஆனால் பதிவதால் மட்டும் எந்தப் புலமைச் சொத்துரிமையும் கிடைக்காது. உரிமை வேண்டுமானால் பதிப்புரிமை, வடிவமைப்பு உரிமை, வியாபாரக் குறி என்ற வேறு கதவுகளைத் தட்ட வேண்டும்.

பதிப்புரிமைக் கதவு 2012 இல் இங்கிலாந்தில் திறந்தது. யோர்க்ஷயரின் ஏப்ரஹாம் மூன் என்ற ஆலை, "ஸ்கை சேஜ்" என்ற தனது கட்டத் துணியைப் பார்த்து இன்னொருவர் "ஸ்பிரிங் மெடோ" என்று செய்ததாக வழக்குப் போட்டது. ஆலையிடம் இருந்த ஆவணம், நூல் நிறங்களும் எண்ணிக்கையும் குறித்த நெசவுத் தாள். அதில் படமே இல்லை. நீதிபதியோ, துறை தெரிந்தவர் அந்தத் தாளை வாசித்தாலே துணி கண்ணில் தெரியும், ஆகவே அது ஓவியமும் ஆகும் என்று தீர்ப்பளித்தார். ஆலை வென்றது. தீவுப் பெண்களின் மரத்துண்டுதான் அந்தத் தாள். பெண்களுக்கு வழக்கறிஞர் இல்லை, அவ்வளவுதான்.

பர்பெரி தட்டியது வியாபாரக் குறிக் கதவை. 1920களில் மழைக் கோட்டின் உள் துணியாக வந்த கட்டம் அது. பதிப்புரிமை ஒருநாள் முடியும். வியாபாரக் குறி அப்படியல்ல. எமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்திலும் 10 வருடத்துக்கொருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். நிபந்தனை, பார்த்தவுடன் மக்களுக்கு அந்தக் கொம்பனி ஞாபகம் வர வேண்டும். லூயி வித்தோனின் தாம் போர்ட் போன்ற கட்டம் 2015 இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் இதில்தான் தோற்றது, மிகச் சாதாரணமான வடிவம் என்று.

எமக்குப் பிடித்தது ஹரிஸ் ட்வீட் தீவுகளின் வழி. அவர்கள் கட்டத்துக்கு உரிமை கேட்கவில்லை. 1909 இல் உருண்டையும் சிலுவையும் கொண்ட ஒரு முத்திரைக்கு விண்ணப்பித்தார்கள். 1993 இல் தனிச் சட்டமே வந்தது: அந்தத் தீவுகளில் சாயமிட்டு, நூற்று, தீவுவாசி தன் வீட்டில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயர். எமது தேயிலையின் சிங்க இலச்சினை போல. கோட்டை யாரும் வரையலாம், பெயர் மட்டும் நெய்தவனிடம் இருக்கும்.

அந்தச் சேர்ட்டை எடுத்தீர்களா என்று கேட்பீர்கள். மகனுக்குக் கை கட்டையாகிவிட்டது. வெள்ளையில் ஒன்று எடுத்தோம்.