கண்ணைத் தொட்ட அம்மைப்பால்

சீதாவாக்கை மன்னன் முதலாம் ராஜசிங்கனின் படைக்குத் தப்பிக் கண்டியை விட்டு ஓடிய கரலியத்தே பண்டார, திருகோணமலைப் பக்கம் போய்ச் சேர்ந்தும் பிழைக்கவில்லை. 1582ஆம் ஆண்டளவில் அவரையும் அவருடைய அரசியையும் பெரியம்மை கொண்டுபோனது. மிஞ்சிய சிறுமி குசுமாசன தேவி போர்த்துக்கேயரிடம் வளர்ந்து, தோன கத்தரீனா என்ற பெயரோடு பின்னாளில் கண்டி அரசியானார். வாளுக்குத் தப்பியவர்களை அம்மை பிடித்துக்கொண்டது.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், இந்த நோயை மட்டும் மக்களின் மந்திரங்களால் விரட்ட முடியவில்லை என்று எழுதினார். அதனால் இது கடவுளே நேரில் அனுப்பியது என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அம்மையில் இறந்தவர் எத்தனை பெரிய குடும்பத்தவராக இருந்தாலும் சடங்கு கிடையாது. 

பிழைத்தவர்களின் நிலையும் எளிதாக இல்லை. முகத்துத் தழும்போடு வாழப் பழகலாம், கண்ணில் பூ விழுந்தால் என்ன செய்வது? கருவிழியில் புண் வந்து, ஆறும்போது வெள்ளையாகத் தழும்பேறிப் பார்வையை மறைத்துவிடும். தடுப்பூசிக்கு முந்திய காலத்தில் உலகெங்கும் கண்பார்வை போனதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று பெரியம்மை. மாரியம்மன் கோவில்களில் வெள்ளியில் செய்த கண்மலரைக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கத்தை இந்தப் பயத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுமையாகப் புரியும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் அந்த அம்மனைத் தங்களோடு மலைநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் அந்த வழித்தடத்தில் எழுந்ததுதான்.

கண்டிச் சிங்களவருக்கு அம்மையிலிருந்து காவல் தந்தவள் பத்தினி. தமிழருக்கு அவள் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோவில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தலதா மாளிகைக்கு அருகிலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. எசல பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களுக்குப் பின் கடைசியாக வருவது பத்தினியின் ஊர்வலம். பெண்கள் நடந்து வருவது அதில் மட்டும்தான். ஊரில் கொள்ளைநோய் பரவினால், இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி இரு கட்சிகளாக நின்று இழுத்து முறிக்கும் விளையாட்டையும் அவளுக்காக நடத்தினார்கள். மட்டக்களப்புத் தமிழரிடம் அதுவே கொம்புமுறி.

எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் மாட்டம்மைச் சீழை ஒரு சிறுவனின் கையில் ஏற்றிப் பார்த்தது 1796இல். அந்த அம்மைப்பால் 1802 ஜூனில் பம்பாயை எட்டியது. அங்கே முதலில் குத்திக்கொண்டது மூன்று வயதுக் குழந்தை. அதே ஆண்டில் இலங்கைக் கரையோரத்துக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1800இல், ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கரையோர நகரங்களில் அம்மை வைத்தியசாலைகளைத் திறந்திருந்தார். மலைக்கு மேலே மட்டும் அம்மைப்பால் ஏறவில்லை. 1803இல் கண்டியைப் பிடிக்கப் போன பிரித்தானியப் படை அழிந்தது. 1815 மார்ச்சில் பிரித்தானியரோடு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை கண்டி தனி நாடு.

மலைநாட்டில் அம்மை குத்தத் தொடங்கிய கதையையும் 1819இல் கண்டி மாகாணங்களில் பரவிய பெரியம்மையையும், அங்கே பணியாற்றிய படை வைத்தியர் ஹென்றி மார்ஷல் 1823இல் எடின்பரோ மருத்துவ இதழில் எழுதினார். அந்த அம்மை பரவியதற்கு முந்திய ஆண்டுதான், பிரித்தானியருக்கு எதிரான ஊவா கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டிருந்தது. ஊரை எரித்த அரசின் ஆள் வந்து பிள்ளையின் கையைக் கீறுகிறேன் என்றால் தாய் தயங்கியதில் வியப்பில்லை. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல.

கீறலும் சும்மா ஆறிவிடவில்லை. மூன்று நான்கு நாளில் தடிப்பு, எட்டாம் நாளளவில் நீர் கோத்த கொப்புளம், பிறகு சீழ், பிறகு பொருக்கு. மூன்று வாரத்தில் பொருக்கு விழுந்து வட்டத் தழும்பு நிற்கும். அன்று அம்மைப்பாலைச் சேமிக்கும் வசதி இல்லாததால் ஒரு பிள்ளையின் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்தினார்கள். கொப்புளத்துக்குள் இருந்தது உயிருள்ள வைரஸ். அரிப்பில் கையைச் சொறிந்த பிள்ளை அதே விரலால் கண்ணைக் கசக்கினால் இமை வீங்கி, கண் சிவந்து, பீளை கட்டும். அரிதாகக் கருவிழியே புண்ணாகும். குத்தாதவருக்கும் இது ஒட்டும். பக்கத்தில் படுக்கும் தாயின் கண்ணுக்கும் போகலாம். அமெரிக்காவில் 1970இல் வெளிவந்த ஓர் ஆய்வு இப்படிப்பட்ட 348 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 22 பேருக்குக் கருவிழி பாதிக்கப்பட்டிருந்தது. பெரியம்மை பறித்த கண்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. ஆனாலும் தடுப்பு மருந்து கண்ணைத் தொடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இருந்தது.

1886இல் சட்டம் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. தோட்டங்களுக்கு ஆள் எடுத்தபோது தென்னிந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைத்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். தோளில் புண்ணோடு வந்து இறங்கியவர்கள் போய்ச் சேர்ந்தது குடும்பம் முழுவதும் ஒரே பாயில் படுக்கும் லயக் காம்பராக்களுக்கு. கையைச் சொறியாதே, கண்ணைத் தொடாதே என்று யாராவது சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

பெரியம்மை ஒழிந்ததாக உலகம் 1980இல் அறிவித்தது. அந்தப் புண் போனது, கண் பற்றிய கேள்வி வேறு வடிவில் தொடர்ந்தது. யுவைட்டிஸ் எனப்படும், கண்ணின் நடுப்படலத்தில் வரும் அழற்சி, வேறு தடுப்பூசிகளுக்குப் பிறகும் சிலருக்கு வந்திருக்கிறது. 1984 முதல் 2014 வரை பதிவான 289 பேரைத் தொகுத்த அமெரிக்க ஆய்வில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி முதலிடத்தில் இருந்தது. பாதிப்பேருக்கு ஏறக்குறைய 16 நாளுக்குள் அறிகுறி வந்துவிட்டது. ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததாகாது. கிருமித் தொற்றும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய்களும் இதே அழற்சியைத் தரும். பெரும்பாலானோருக்கு ஸ்டீரொயிட் சொட்டு மருந்தில் குணமாகிவிடுகிறது, தாமதித்தால்தான் ஆபத்து.

இலங்கையில் தடுப்பூசிக்குப் பின் வரும் பாதகங்களை முறையாகப் பதியத் தொடங்கியது 1996இல். கட்டாயச் சட்டத்துக்கும் இதற்கும் இடையில் 110 ஆண்டுகள்! 2008 ஜனவரியில் அறிமுகமான ஐந்து நோய்த் தடுப்பூசி, சில குழந்தைகளின் மரணத்துக்குப் பின் அந்த ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டது. நிபுணர் குழு ஆராய்ந்தபின் 2010இல் மீண்டும் வந்தது. மறைக்காமல் நிறுத்தி, விசாரித்து, திரும்பக் கொடுத்ததால்தான் தாய்மார் பிள்ளைகளைத் தொடர்ந்து கொண்டுவந்தார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. 2021இல் கண்டி மாவட்டத்துக்கு ஸ்புட்னிக் கொரோனாத் தடுப்பூசி வந்து, இரண்டாம் ஊசிக்காக மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தபோதும் இதே பதிவு முறை நடைமுறையில் இருந்தது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினால் கண் வைத்தியரிடம் காட்டுவதோடு, பிரதேசக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். அவர் சொல்வது சுகாதார வைத்திய அதிகாரி வழியாகக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது.