ஃபாண்ட்ஹில் கோபுரம் வீழ்ந்த காரணம்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பிரதேசத்தில், வில்லியம் பெக்ஃபோர்டு என்னும் தனவந்தர் ஃபாண்ட்ஹில் என்னும் தம் ஜமீன் நிலத்து மேட்டில் எழுப்பிய, சுமார் 276 அடி உயரமுள்ள எண்கோணக் கோபுரம், 1825 டிசம்பர் 21-ஆம் தேதி சரிந்து விழுந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் மிகவும் சுலபமானது. அதனாலேயே சந்தேகத்துக்கும் உரியது. வேலையை மேற்பார்த்தவன் மரணத் தறுவாயில் பெக்ஃபோர்டை வரவழைத்து, தான் பணம் பெற்றுக்கொண்டபடி கோபுரத்துக்கு உறுதியான அஸ்திவாரம் இடவில்லை என்று ஒப்புக்கொண்டானாம்; அச்செய்தியைக் கேட்ட புதிய உடைமையாளர் ஜான் ஃபார்க்குவார், வங்காளத்தில் வெடிமருந்து செய்து பெரும் பொருள் ஈட்டிய முதியவர், தம் ஆயுசுக்கு அது நிற்கும் என்று சாவதானமாகச் சொன்னாராம். (மறு வருஷமே அவர் காலமானார், சில மாதங்கள்தாம் கணக்குப் பிசகியது.) பழி முழுவதையும் செத்தவன் தலையில் ஏற்றிவிட்டு, கட்டுவித்தவரையும் அவருடைய சிற்பி ஜேம்ஸ் வயட்டையும் தப்பவிடுகிற கதை இது.

அஸ்திவாரத்தில் மோசடியே நடக்கவில்லை என்று நாம் சாதிக்கவில்லை. நடந்திருந்தாலும் அது துணைக்காரணமே என்பதுதான் நம் அபிப்பிராயம். 1796 வாக்கில் வேலை தொடங்கிய காலத்தில், பாழடைந்த துறவிமடம் போன்றதொரு விநோதக் கட்டிடமும், அதில் பகற்பொழுதைக் கழிக்கச் சில அறைகளும், ஏறி நின்று சுற்றுவட்டாரத்தைப் பார்க்க ஒரு கோபுரமுமே உத்தேசம். ஆகவே மரச்சட்டங்களை நிறுத்தி, கல்லென மயங்கும்படி அவற்றின்மேல் ஒருவகைச் சாந்தைப் பூசுவது வயட்டுக்குப் போதுமானதாகத் தோன்றியது. கட்டும்போதே கோபுரம் ஒருமுறை சிதைந்தது. அப்போதாவது நின்று யோசித்திருக்கலாம். ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வை பொன்னாக வந்து குவிந்துகொண்டிருந்த ஒருவருக்கு யோசிக்க வேண்டிய அவசியம் ஏது? நூற்றுக்கணக்கான ஆட்களைப் பந்தங்களின் வெளிச்சத்தில் இரவிலும் வேலைவாங்கினார். சுண்ணாம்பு இறுகுவதற்குக்கூட அவகாசம் கிடைத்திராது. வயட்டோ, ஏற்ற வேலைகள் அளவிறந்தவையாகையால், வரவேண்டிய நாளில் வாராமைக்குப் பேர்போனவர். பின்னர்த் தந்தையார் கட்டிய மாளிகையையே இடித்துவிட்டுப் பெக்ஃபோர்டு இங்கே குடிபுகுந்தபோது, வேடிக்கைக்காகத் தோன்றிய கோபுரம் ஒரு பெரிய வாசஸ்தலத்தின் நடுநாயகமாயிற்று. மரம் இருந்த இடத்தில் கல் ஏறிப் பாரம் பெருகியது. உத்தேசம் வளர்ந்ததே தவிர, அதன் அடிப்படை புதிதாகத் திட்டமிடப்படவில்லை.

சர்க்கரை வருமானம் சுருங்கவே 1822-இல் ஜமீன் கைமாறியது. மூன்று வருஷங்களில் கோபுரம் எண்கோண மண்டபத்தையும் மேற்குக் கூடத்தையும் நசுக்கிக்கொண்டு விழுந்தது, உயிர்ச்சேதம் இல்லை. வடகோடியில் எஞ்சிய ஒரு சிறு பகுதியும், 1823-இல் ரட்டர், பிரிட்டன் என்னும் நூலாசிரியர் இருவர் வெளியிட்ட வர்ணனை நூல்களும் இப்போது நமக்கு ஆதாரம்.

எதிர்வாதம் செய்பவர்கள் பாத் நகருக்கு மேலுள்ள லான்ஸ்டவுன் குன்றைக் கவனிக்க வேண்டும். அதே பெக்ஃபோர்டு, முதுமையில், குட்ரிட்ஜ் என்னும் இளஞ்சிற்பியைக் கொண்டு அங்கே கட்டுவித்த கோபுரம் 1827-இல் முடிவடைந்தது. உயரம் சுமார் 120 அடி. வீடு கீழே நகரத்தில் இருந்தது. கலைப்பொருள்களை வைக்கவும் ஏறிப் பார்க்கவுமே இது. தொடக்கமுதல் கோபுரமாகவே எண்ணப்பட்டுக் கல்லால் எழுந்த அது இன்றும் நிற்கிறது.